தன்னை அறிதலும் பிறரை உணர்தலும்: ஓட்டிசம் பற்றிய கருத்து வளர்ச்சி – ஒரு வரலாற்று நோக்கு

ஒருவன் தன்னைத் தான் அறிவானா என்பதைத் தெரிந்துகொள்வதற்கு எளிய வழி அவனையே கேட்பதாகும். ஆனால், தன்னை அறியும் ஆற்றல் அவனுக்கு இல்லையென முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அவன் தரும் விடை சான்றாகாது போய்விடும். விடை சான்றாகாமையால் முதல் முடிவை மறுப்பதற்கும் எவருமிலர். முடிவு சான்றை விலக்குகின்றது. விலக்கப்பட்ட சான்று முடிவைக் காக்கின்றது. இதனை வட்டவாதம் என்பர். இத்தகைய வட்டமொன்றினுள் மனிதருள் ஒரு சாரார் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைக் கழித்தனர். அவர்களே ஓட்டிசம் உடையோர் என அழைக்கப்படுவோர்.

ஓட்டிசம் என்பது குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வளர்ச்சி வேறுபாடாகும். பிறரோடு உறவாடுவதிலும் தொடர்பாடுவதிலும் வேறுபட்ட இயல்பு, மாறாத ஒழுங்கை விரும்புதல், குறித்த சில பொருள்களில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன அதன் கூறுகள். இவ்வியல்புடையோருட் சிலர் வாழ்நாள் முழுவதும் பேசுவதில்லை; வேறு சிலர் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கின்றனர்.

மருத்துவ நோக்கில் இதுபற்றி எழுதும் தகுதி கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இல்லை. ஆயினும், வரலாறு பயில்வோருக்குரிய வினாவொன்று இங்குண்டு. ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் கேட்க வேண்டியது, கைக்கெட்டும் ஆவணங்களை எழுதியோர் யாவர் என்பதே. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் குடியானவனை நாம் பெரும்பாலும் வரி கணித்தோரின் தோம்புகளிலிருந்தே அறிகின்றோம். அவன் தன்னைப் பற்றி என்ன எண்ணினான் என்பதைத் தோம்பு கூறாது. ஓட்டிசம் உடையோரின் தன்னுணர்வு பற்றியும், பிறர் உணர்வை ஒத்து உணரும் ஆற்றலாகிய ஒத்துணர்வு பற்றியும் எழுந்த கருத்துக்களும் நீண்டகாலமாக இத்தகைய தோம்புகளாகவே இருந்து வந்துள்ளன. அக்கருத்துக்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மாறின, அம்மாற்றத்துக்குக் காரணமாயமைந்த சான்றுகள் யாவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

'ஓட்டிசம்' என்னும் சொல், 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'ஓட்டோஸ்' என்பதனடியாகப் பிறந்தது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் உளமருத்துவராக விளங்கிய இயூஜின் புளொய்லர், உளச்சிதைவு நோய் பற்றி 1911இல் வெளியிட்ட பெருநூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளி புறவுலகை விட்டு விலகித் தன் அகவுலகில் ஒடுங்கிவிடும் நிலையையே அவர் இதனாற் குறித்தார். ஆகவே, தொடக்கத்தில் இச்சொல் 'தான்' மிகுந்திருத்தலைச் சுட்டியதேயன்றித் 'தான்' இல்லாதிருத்தலைச் சுட்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஒத்துணர்வு என்னும் கருத்தும் ஏறக்குறைய இதே காலத்திற் பிறந்ததாகும். 1873இல் ரொபேட் விஷர் என்னும் ஜேர்மானிய அறிஞர், கலைப்பொருளொன்றின் வடிவத்தினுள் நம் உணர்வைப் புகுத்தி அனுபவிக்கும் நிலையைக் குறிக்க ஒரு சொல்லை ஆண்டார். தியோடர் லிப்ஸ் அதனைப் பிற மனிதரை அறியும் முறைக்கு விரித்தார். 1909இல் எட்வேட் ரிச்சனர் அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். எனவே, பிற்காலத்திலே 'மனிதரை விட்டுப் பொருள்களையே நாடுவோர்' எனச் சிலரைக் குறைகூறப் பயன்பட்ட இச்சொல், முதலில் உயிரற்ற பொருள்களோடு மனிதன் கொள்ளும் உணர்வுறவைக் குறிக்கவே எழுந்தது. சொற்களின் வரலாறு இவ்வாறு சில வேளைகளில் அவற்றைப் பயன்படுத்துவோரைக் கேலி செய்வதுண்டு.

மொஸ்கோ, பால்ரிமோர், வியன்னா

பிள்ளைகளிடம் காணப்பட்ட இவ்வியல்பை முதன்முதல் விரிவாக விளக்கியவர் லியோ கனர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும் கீவ் நகரிற் பிறந்து மொஸ்கோவிற் பணியாற்றிய குறூனியா சுக்கரேவா என்னும் பெண் மருத்துவர், ஆறு சிறுவர்களைப் பற்றிய தமது ஆய்வினை 1925இல் ரஷ்ய மொழியிலும் 1926இல் ஜேர்மன் மொழியிலும் வெளியிட்டிருந்தார். 1996இலேயே அவரது கட்டுரை சூலா வூல்ப் என்பவரால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் இல்லாதது அறிவுலகில் இல்லாததே என்ற நிலைக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய கனர், 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் எண்மர் சிறுவர், மூவர் சிறுமியர். பிறரோடு இயல்பாக உணர்வுத் தொடர்பு கொள்ளும் ஆற்றலின்மை இப்பிள்ளைகளிடம் பிறவியிலேயே அமைந்துள்ளது என்பது அவரது முடிவு. அவர் கண்ட மற்றொரு செய்தி பின்னர் பெரும் விவாதத்துக்கு வித்திட்டது. இப்பிள்ளைகளுட் பலர் 'நான்' என்று கூற வேண்டிய இடத்தில் 'நீ' என்றனர். பால் வேண்டும்போது 'உனக்குப் பால் வேண்டுமா' என்பது போல வினவினர். தாய் தன்னிடம் கேட்டதைப் பிள்ளை கேட்டபடியே திருப்பிக் கூறுகின்றது என்பதே கனர் தந்த எளிய விளக்கமாகும். அவ்விளக்கம் பலரின் கவனத்தைப் பெறவில்லை.

கனர் ஆராய்ந்த முதற் பிள்ளையான டொனால்ட் ரிப்லெற், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றில் 1933இற் பிறந்தவர். அவரது தந்தை அனுப்பிய 33 பக்கக் கடிதமே கனரின் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. பின்னாளில் வங்கியிற் பணியாற்றி, கோல்ப் ஆடி, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, தம் ஊராரின் நன்மதிப்போடு வாழ்ந்து, 2023இல் அவர் காலமானார்.

கனரின் கட்டுரைக்கு அடுத்த ஆண்டான 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் தமது ஆய்வினை வெளியிட்டார். அவரது கட்டுரையில் நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு குறிப்புண்டு. தாம் கண்ட பிள்ளைகள் தம்மைத் தாமே கூர்ந்து நோக்கும் இயல்புடையர் என்றும், தம்மிடம் நல்லெண்ணம் உடையார் யார், இல்லாதார் யார் என்பதைத் தெளிவாக அறிவர் என்றும் அவர் எழுதினார். இலண்டனைச் சேர்ந்த லோர்னா விங் 1981இல் அஸ்பெர்கரின் ஆய்வை ஆங்கில வாசகருக்கு எடுத்துரைக்கும் வரையிலும், உற்றா பிரித் 1991இல் அதனை மொழிபெயர்க்கும் வரையிலும் இக்குறிப்பு ஆங்கில உலகில் பெரிதும் அறியப்படாதிருந்தது.

ஆனால், அஸ்பெர்கரின் வரலாறு இத்துடன் முடியவில்லை. வியன்னா அப்போது நாசிகளின் ஆட்சியில் இருந்தது. 'ஆம் ஸ்பீகல்குறுண்ட்' என்னும் நிலையத்தில் ஏறக்குறைய 800 பிள்ளைகள் இறந்தனர். அவர்களுட் பலர் கொல்லப்பட்டவர்கள். 2018இல் ஹேர்விக் செக் என்னும் ஒஸ்திரிய வரலாற்றாசிரியர் பழைய மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, கடும் மூளைப் பாதிப்புற்ற இரு சிறுமியரை அஸ்பெர்கர் அந்நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தமையையும், இருவரும் பின் அங்கு இறந்தமையையும் வெளிப்படுத்தினார். பிள்ளைகளிடம் சமூக உணர்வு உண்டா இல்லையா என அளந்த ஓர் ஆட்சி, அவ்வுணர்வை எங்கே இழந்து நின்றது என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை.

'வெறுங்கோட்டை'

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்காவில் உளப்பகுப்பாய்வு செல்வாக்குப் பெற்றது. பிறவி இயல்பு என்ற கனரின் முதற் கருத்துப் பின்தள்ளப்பட்டு, தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து முன்வந்தது. கனரும் 1940களின் இறுதியிற் பெற்றோரின் குளிர்ந்த இயல்பை வற்புறுத்தி எழுதி இப்போக்குக்குத் துணைபுரிந்தார் என்பது மறைக்கத்தக்கதன்று.

இக்கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெற்றல்ஹைம் ஆவார். வியன்னாவிற் பிறந்த யூதரான அவர் 1938–39 காலப்பகுதியில் டகாவ், புக்கன்வால்ட் என்னும் நாசி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தவர். தம் அகத்தை இழந்து வாழ்வில் நம்பிக்கையற்று நின்ற கைதிகளை அவர் அங்கு கண்டார். 1967இல் வெளிவந்த 'வெறுங்கோட்டை' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில், ஓட்டிசம் உடைய பிள்ளையை அக்கைதியோடு ஒப்பிட்டார். பிள்ளை 'நான்' எனக் கூறாமை அதனிடம் 'நான்' என்பதே உருவாகாமையின் அடையாளம் என்றார். மதில் உண்டு, உள்ளே எவருமில்லை என்பதே அத்தலைப்பின் பொருள்.

தாம் பட்ட துன்பத்தின் வழியே பிறர் துன்பத்தை விளங்க முயன்றவர் பெற்றல்ஹைம். அம்முயற்சியே அவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் சென்றது. முகாமில் காவலர் இருந்த இடத்தில் வீட்டிலே தாயை வைத்தார். ஆயிரக்கணக்கான தாய்மார் தம் பிள்ளையின் நிலைக்குத் தாமே காரணர் என்ற பழியைச் சுமந்தனர். தம் அனுபவத்தைப் பிறர் மேல் ஏற்றிக் காண்பது ஒத்துணர்வாகி விடாது என்பதற்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டு அரிது.

இப்பழி நீங்குவதற்கு இரு பணிகள் உதவின. தாமே ஓட்டிசம் உடைய மகனொருவரின் தந்தையான பேர்னாட் றிம்லன்ட் என்னும் உளவியலாளர், 1964இல் வெளியிட்ட நூலில் உயிரியற் காரணங்களை முன்வைத்தார். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் கனர். 1977இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகியோர் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையரின் 11 சோடிகளுள் நான்கில் இருவருமே ஓட்டிசம் உடையோராயிருந்தனர். இருகரு இரட்டையரின் 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. பரம்பரையின் பங்கு இதனாற் புலனாயிற்று. தாய்மார் விடுவிக்கப்பட்டனர். ஆனால், கோட்டை வெறிதே என்ற எண்ணம் பிள்ளைகளை விட்டு நீங்கவில்லை.

ஆய்வுகூடத்தின் தீர்ப்பு

1970களில் ஆய்வாளர்கள் கண்ணாடியை நாடினர். 1970இல் கோர்டன் கலப் சிம்பன்சிகளின் முகத்தில் நிறப்பொட்டிட்டு, கண்ணாடியில் தம் உருவைக் கண்டு அவை அப்பொட்டைத் தொடுகின்றனவா எனச் சோதித்திருந்தார். இச்சோதனை சில ஆண்டுகளில் ஓட்டிசம் உடைய பிள்ளைகளிடம் செய்யப்பட்டபோது, அவர்களுட் பெரும்பாலானோர் தம்மை அடையாளங் கண்டுகொண்டனர். வெறுங்கோட்டைக் கொள்கைக்கு இது நேரான மறுப்பாகும். ஆயினும், கண்ணாடி காட்டுவது உடலையே, உள்ளத்தையன்று. எனவே வினா வேறுருக் கொண்டது.

1978இல் டேவிட் பிறிமக், கை வூட்றவ் ஆகிய இருவரும் சிம்பன்சிக்கு 'மனக்கோட்பாடு' உண்டா என வினவினர். பிறருக்கு எண்ணங்களும் நம்பிக்கைகளும் உண்டென்று உணர்ந்து அவற்றைக்கொண்டு அவர் செயலை ஊகிக்கும் ஆற்றலையே அவர்கள் இவ்வாறு அழைத்தனர். 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெப் பேர்னர் ஆகியோர் குழந்தைகளுக்கேற்ற சோதனையொன்றை அமைத்தனர். அதனைத் தழுவி 1985இல் இலண்டனில் சைமன் பரன்-கோஹென், அலன் லெஸ்லி, உற்றா பிரித் ஆகிய மூவரும் நடத்திய சோதனை இத்துறையிற் பெரும்புகழ் பெற்றது.

சலி, ஆன் என இரு பொம்மைகள். சலி தன் போளையைக் கூடையினுள் வைத்துவிட்டு வெளியே செல்கின்றாள். ஆன் அதனை எடுத்துப் பெட்டியினுள் வைக்கின்றாள். திரும்பிவரும் சலி தன் போளையை எங்கே தேடுவாள்? கூடையினுள் என்பதே விடை. ஏனெனில், போளை இடம் மாறியதைச் சலி அறியாள். இயல்பான வளர்ச்சியுடைய 27 பிள்ளைகளுள் 85 வீதத்தினரும், டவுண் கூட்டறிகுறியுடைய 14 பிள்ளைகளுள் 86 வீதத்தினரும் சரியான விடை தந்தனர். ஓட்டிசம் உடைய 20 பிள்ளைகளுள் 16 பேர் பெட்டியைச் சுட்டினர்.

இதிலிருந்து கட்டப்பட்ட கொள்கை பெரியது. 1995இல் பரன்-கோஹென் இந்நிலையை 'மனக்குருடு' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் விளக்கினார். 1999இல் உற்றா பிரித், பிரான்செஸ்கா ஹப்பே ஆகியோர் மற்றோர் அடி முன்சென்றனர். பிறர் மனத்தை அறிவிக்கும் பொறிமுறையே தன் மனத்தையும் அறிவிக்கின்றதெனின், அது குன்றியோரிடம் தன்னுணர்வும் குன்றியிருக்க வேண்டும். திறன்மிக்க சிலர் காலஞ் சென்று உழைத்துப் பெறும் தன்னுணர்வு ஏனையோரதினின்றும் வேறுபட்டதாக அமையலாம் என்பது அவர்கள் வாதம். இவ்வாறாகத் 'தான்' என்ற சொல்லாற் பெயர் பெற்றோர், 'தான்' குன்றியோர் என்ற முடிவுக்கு உரியோராயினர்.

இம்முடிவு சான்றுக்கு மிஞ்சியது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. முதலாவதாக, அச்சோதனையிலேயே நான்கு பிள்ளைகள் சரியான விடை தந்தனர் என்பது மறத்தலாகாது. இரண்டாவதாக, 1995இல் அவுஸ்திரேலியாவில் கண்டிடா பீற்றர்சன், மைக்கல் சீகல் ஆகியோர் இத்தகைய சோதனையைச் செவிப்புலனற்ற பிள்ளைகளிடம் நடத்தினர். கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைக் காலந்தாழ்த்திக் கற்ற அப்பிள்ளைகளுட் பெரும்பாலோரும் தவறினர். ஆனால், சைகை மொழி வழங்கும் குடும்பங்களிற் பிறந்த செவிப்புலனற்ற பிள்ளைகள் தவறவில்லை என்பது 1999இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விற் புலப்பட்டது. செவிப்புலனற்றோர் மனக்குருடர் என எவரும் கூறார். மனம் பற்றிய உரையாடலிற் கலந்துகொள்ளும் வாய்ப்பும் மொழியும் இச்சோதனையின் விடையைத் தீர்மானிக்கின்றன என்பதே இதன் கருத்து. 2019இல் மோட்டன் கேர்ன்ஸ்பாக்கர், றெமி யேர்ஜோ ஆகியோர் இத்துறையின் ஆய்வுகளை மீளநோக்கி, பல முடிவுகள் மறுமுறை சோதிக்கையில் நிலைநிற்கவில்லை எனவும், மனக்கோட்பாட்டை அளப்பனவாகக் கூறப்படும் சோதனைகள் தம்முள்ளேயே ஒத்துப்போகவில்லை எனவும் காட்டினர்.

எழுதத் தொடங்கியோர்

ஆய்வுகூடத்தில் இவை நிகழ்ந்துகொண்டிருக்கையில், தோம்பிற் பதியப்பட்டோர் தாமே எழுதத் தொடங்கினர். 1986இல் ரெம்பிள் கிராண்டின் தமது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கால்நடைகளைக் கையாளும் அமைப்புக்களை வடிவமைப்பதிற் புகழ்பெற்று, கொலறாடோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கும் அவர், மாடு செல்லும் ஒடுங்கிய வழியில் தாமே நடந்து, நிழலும் ஒளியும் தொங்கும் சங்கிலியும் அதனை எவ்வாறு வெருட்டும் என ஆராய்ந்தார். 1992இல் அவுஸ்திரேலியரான டொனா வில்லியம்சின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது.

கிராண்டினின் நூலை முதலில் வாசித்தபோது தமக்கு ஐயமெழுந்தது எனப் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் சாக்ஸ் 1993இல் வெளிப்படையாக எழுதினார். ஓட்டிசம் உடையோர் தம்மையும் பிறரையும் விளங்கிக்கொள்ள இயலாதவர் என்பதே அக்காலத்து நம்பிக்கை. ஆகவே, உண்மையான அகநோக்கு அவர்களால் எழுதப்படல் கூடுமோ என்பது அவர் ஐயம். நூலில் இணையாசிரியர் ஒருவரின் பெயரும் இருந்தமையால் ஐயம் வலுத்தது. இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய வட்டவாதம் இதுவே. ஆனால், சாக்ஸ் ஐயத்தோடு நின்றுவிடாது கிராண்டினின் பிற எழுத்துக்களைப் படித்தார். நேரிற் சென்று கண்டார். தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். வட்டத்திலிருந்து வெளியேற அவர் கண்ட வழி சென்று கேட்டலே.

1994இல் றசல் ஹேர்ல்பேட், ஹப்பே, பிரித் ஆகியோர் நடத்திய சிறு ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. அஸ்பெர்கர் வகையினரான மூவருக்கு ஒலியெழுப்பும் சிறு கருவியொன்று கொடுக்கப்பட்டது. எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும். அக்கணத்தில் உள்ளத்தில் இருந்ததை அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தம் அகவனுபவத்தைப் பெரும்பாலும் காட்சிகளாக விவரித்தனர். மூவரை மட்டும் கொண்டு பொதுமுடிவு காண்பது பொருந்தாது. ஆயினும், உள்ளே எவருமில்லை என்று கருதப்பட்ட கோட்டையின் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து குரல் வந்தது என்பது மறுக்கவியலாதது.

1993இல் ரொறொன்ரோ மாநாட்டில் ஜிம் சின்கிளெயர் பெற்றோரை நோக்கி ஆற்றிய உரை இவ்வகையில் ஒரு திருப்பமாகும். ஓட்டிசம் என்பது இயல்பான பிள்ளையொன்றை உள்ளே சிறைவைத்திருக்கும் ஓடு அன்று. அது வாழும் முறை. அதனை நீக்கினால் எஞ்சுவது வேறோர் ஆள் என்பது அவர் கூற்றின் சாரம். தாமாகவே ஓட்டிசம் உடையோராக நின்று 'நாம்' எனப் பேசிய குரல்களுள் அது முக்கியமானதாகும்.

எனினும், குரல் கேட்கும் ஆர்வமும் தவறக்கூடும். பேசாத பிள்ளையின் கையைத் துணையாளர் தாங்கி எழுத்துக்களைச் சுட்டச்செய்யும் முறையொன்று 1980களில் அவுஸ்திரேலியாவிலும் 1990 முதல் அமெரிக்காவிலும் பரவியது. கவிதைகள் பிறந்தன, பெற்றோர் கண்ணீர் மல்கினர். பிள்ளைக்கு ஒரு படத்தையும் துணையாளருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது துணையாளர் கண்ட படத்தின் பெயரே. 1994இல் அமெரிக்க உளவியற் சங்கம் அம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லை எனத் தீர்மானித்தது. முன்னையோர் பிள்ளையின் வாயை அடைத்தனர்; இவர்கள் தம் சொல்லைப் பிள்ளையின் வாயில் இட்டனர். இரண்டிலும் பிள்ளை கேட்கப்படவில்லை.

ஒத்துணர்வைப் பகுத்து நோக்கல்

'ஒத்துணர்வு இல்லை' என்ற கூற்று, ஒத்துணர்வு ஒருமைப்பட்ட ஒன்று என்னும் எண்ணத்திலிருந்து எழுந்தது. பிறர் என்ன எண்ணுகின்றார் என ஊகித்தல் ஒன்று. பிறர் துன்பம் கண்டு தாமும் துன்புறுதல் மற்றொன்று. ஊகிப்பதில் இடர்ப்படும் ஒருவர், நண்பரின் துயரத்தை அறிந்தபின் ஏனையோரினும் அதிகமாக வருந்தலாம். மறுதலையாக, பிறர் மனத்தை நன்கறிந்து அவரை ஏமாற்றுவோன் ஊகிப்பதிற் குறைவற்றவன், இரங்குவதிலேயே குறைவுடையவன். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையாற் பல குற்றமற்றோர் கன்னெஞ்சராகக் கருதப்பட்டனர்.

மற்றொரு பகுப்பும் ஒளிதந்தது. 1970களின் தொடக்கத்தில் பீற்றர் சிப்னியோஸ் என்னும் உளமருத்துவர், தம் உணர்வுக்குப் பெயரிட இயலாத நிலையை 'அலெக்சிதைமியா' என அழைத்தார். ஓட்டிசம் உடையோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் இந்நிலை காணப்படுகின்றது, எஞ்சியோரிடம் இல்லை, ஓட்டிசம் இல்லாதோர் சிலரிடமும் இது உண்டு. 2010இல் ஜெவ்றி பேர்ட் முதலியோர் நடத்திய ஆய்வில், அருகிலிருப்பவருக்கு வலி உண்டாகும்போது பார்ப்போரின் மூளையில் எழும் எதிர்வினை அலெக்சிதைமியாவின் அளவுக்கேற்பவே குறைந்தது. ஓட்டிசம் இருப்பதனால் மட்டும் குறையவில்லை. தன்னை அறிதலும் பிறரை உணர்தலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்ற பழைய கருத்து இதனால் ஒருவாறு உறுதிப்படுகின்றது. ஆனால், அத்தொடர்பு அறுந்துபோதல் ஓட்டிசத்தின் இலக்கணம் அன்று என்பதும் இதனால் தெளிவாகின்றது.

இருபாற் பாலம்

2012இல் டேமியன் மில்ற்றன் என்னும் சமூகவியலாளர் வினாவையே திருப்பி வைத்தார். அவர் தாமும் ஓட்டிசம் உடையவர். ஓட்டிசம் உடையவர் ஏனையோரை விளங்காமை குறையெனின், ஏனையோர் ஓட்டிசம் உடையவரை விளங்காமை எதன்பாற்படும்? புரிந்துகொள்ளாமை ஒருவரிடம் உறைவதன்று. வேறுபட்ட இருவரிடையே நிகழ்வது. இதனை அவர் இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல் என்றார்.

இக்கருத்துக்கு ஆதாரமாக அமைவனவற்றுள் 2017இல் நோவா சாசன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஓட்டிசம் உடையோரின் சில விநாடிக் காட்சிகளைப் பார்த்த ஏனையோர், அவர்களோடு பழக விருப்பங் குறைந்தோராய் இருந்தனர். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் வாசித்தோரிடம் இவ்வேறுபாடு மறைந்தது. வெறுக்கப்பட்டது அவர்கள் கூறிய பொருளன்று, கூறிய தோரணையே.

2020இல் எடின்பரோவில் கதரின் குறொம்ரன் முதலியோர், ஒருவர் சொன்ன கதையை அடுத்தவர் மற்றவருக்குச் சொல்லும் தொடர்களை அமைத்தனர். ஓட்டிசம் உடையோர் மட்டும் கொண்ட தொடர், அஃது இல்லாதோர் மட்டும் கொண்ட தொடருக்கு இணையாகச் செய்தியைக் கடத்தியது. இருசாராரும் கலந்த தொடரிலேயே செய்தி அதிகமாக இழக்கப்பட்டது. ஆயினும், அவ்வாய்வாளரே பெருந்தொகையினரைக் கொண்டு மீள நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில் மூவகைத் தொடர்களிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே, கலந்து பழகுவதே இழப்புத் தரும் என்ற முடிவு நிலைபெறவில்லை. ஆனால், ஓட்டிசம் உடையோர் செய்தியைக் கடத்துவதிற் குறைந்தவரல்லர் என்பது இரு ஆய்விலும் ஒருங்கே புலனாயிற்று. முன்னைய கொள்கையைக் கேள்விக்குட்படுத்தியவாறே தமக்கு உவப்பான கொள்கையையும் சோதனைக்கு உட்படுத்தியமை இவ்வாய்வாளரின் நேர்மைக்குச் சான்றாகும்.

முடிவுரை

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கருத்து வரலாற்றைச் சுருக்கமாக நோக்கினோம். அதில் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. பிள்ளையின் தன்னுணர்வு பற்றிய முடிவுகள் ஒவ்வொன்றும் முடிவு செய்தோரின் காலத்தையும் அனுபவத்தையும் உடன் சுமந்து வந்தன. உளச்சிதைவு மருத்துவர் பின்வாங்கலைக் கண்டார். முகாமிலிருந்து மீண்டவர் முகாமைக் கண்டார். அறிதல் உளவியலாளர் பழுதுற்ற பொறிமுறையைக் கண்டார். இவர்களுட் பெரும்பாலோர் தீயோர் அல்லர், பலர் பரிவுடையோர். பரிவு இருந்தும் அவர்கள் தவறியமைக்குக் காரணம், உற்று நோக்கிய அளவுக்கு அவர்கள் கேட்காமையே.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. தமிழில் ஓட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்றொரு பெயர் வழங்குகின்றது. இறுகிய மதி, திறவாத மனம் என்ற பொருளை அது கேட்போர் உள்ளத்திற் பதிக்கின்றது. வெறுங்கோட்டை என்ற கொள்கை ஆய்வுலகில் வீழ்ந்தபின்னும் அதன் நிழல் நம் மொழியிற் குடிபுகுந்துள்ளது என்றே கூற வேண்டும். கலைச்சொல் ஆக்குவது கிரேக்க வேரைத் தமிழாக்கும் தொழில் மட்டுமன்று. அச்சொல்லால் அழைக்கப்படுவோர் அதனைக் கேட்டு என்ன உணர்வர் என்பதையும் ஆக்குவோர் சிந்தித்தல் வேண்டும்.

நம் விரிவுரை மண்டபங்களிலும் விடுதிகளிலும், நண்பர் கூட்டத்தில் ஒதுங்கியிருப்போர், கண்ணை நோக்கிப் பேசாதோர், ஒரே பொருளைப் பற்றி நெடுநேரம் உரையாடுவோர் இருக்கக் காண்கின்றோம். அவர்கள் யார், எத்தகையோர் எனத் தீர்ப்பளிப்பது நம் பணியன்று. 'தலைக்கனம்' என்றும் 'இரக்கமற்றவர்' என்றும் நாம் எளிதிற் சூட்டிவிடும் பெயர்களுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு என்பதை அறிந்துகொள்வதே போதுமானது. ஒத்துணர்வு என்னும் சொல்லில் 'ஒத்தல்' முதலில் நிற்கின்றது. ஒத்தலுக்கு இருவர் வேண்டும். அவ்விருவருள் ஒருவரை மட்டும் சோதித்து, குறை அவரிடமே உள்ளதென எழுதிய ஏடுகளை மீள வாசிக்கும் கடமை, வரலாறு பயில்வோராகிய நமக்கும் உரியதாகும்.